உன் மேல இன்னா இருக்குது

தை மாதம் பச்சை மொச்சை வருகிற நாட்களில் அஞ்சம்மாள் வைக்கும் மொச்சைக் கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டவன் என்ற தகுதியில்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன். வேறு தகுதி எனக்கு இல்லை. இதில் நடந்த தப்பு என்னுடையது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை ஒளித்து வைக்கிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

எழுபத்து நாலாம் வருஷம். கும்மிடிப்பூண்டியில் ரயில் பாதையை ஒட்டி இருந்த ஒரு கம்பிக் கம்பெனியில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. பெயர் கோபால், ஊர் திருவள்ளூர். அப்பா கோயில் வாசலில் துளசி மாலை கட்டுகிறவர். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு அடிபட்டது என்று எழுதி வைப்பது என் வேலை. எல்லாம் இங்கிலீஷில்தான். அந்த இங்கிலீஷ் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. மேனேஜரே ஒருமுறை என் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நல்ல பாஷை என்று சொல்லியிருக்கிறார். அதை நான் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குடியிருந்தது பரசுராமன் வீட்டை ஒட்டிய ஓர் ஓட்டு அறையில், சாப்பாடு அவன் மனைவி அஞ்சம்மாள் கையால். பரசுராமனுக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. ஏரிக்குக் கீழே அரை ஏக்கர் நிலமும் உண்டு. விடியற்காலையில் வயலுக்குப் போய் மடை திறந்துவிட்டு, கால் சேறு காயுமுன்னே ஷிப்டுக்கு வந்துவிடுவான். மார்கழி, தை மாதங்களில் பனி இறங்கி, பக்கத்தில் வருகிற ஆளே தெரியாது. அந்தப் பனிக்குள் அவன் பேசிக்கொண்டு வருவது மட்டும் கேட்கும். கூடப் பேசுகிறவன் மோசஸ். பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைப்பவன். கம்பெனியிலும் இருவருக்கும் ஒரே இடம்தான்.

அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். உலையில் பழுத்த இரும்பை இரண்டு உருளைகளுக்கு நடுவே விடுவார்கள். அது நசுங்கி, நீண்டு, அந்தப் பக்கம் வரும். இந்தப் பக்கம் நின்று இரும்பை உள்ளே விடுகிறவன் பரசுராமன். அந்தப் பக்கம் இடுக்கியோடு நின்று பிடிக்கிறவன் மோசஸ். பிடித்ததைத் திருப்பி இந்தப் பக்கம் தள்ளுவான். போய் வந்து, போய் வந்து, கைப்பருமன் இரும்பு விரல் பருமன் கம்பியாகிவிடும். உருளையின் வாயில் கைடு என்று ஓர் இரும்புத் தடம் பொருத்தியிருக்கும். கம்பி நேராக வருவது அதனால்தான். அது தேய்ந்தால் கம்பி எந்தப் பக்கம் வருமென்று யாராலும் சொல்ல முடியாது. கைடு தேய்ந்துவிட்டதென்று பரசுராமன் திங்கட்கிழமையே ஃபிட்டரிடம் சொன்னான். ஃபிட்டர் போர்மேனிடம் சொன்னார். பொங்கல் லீவில் மில் நிற்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று போர்மேன் சொல்லிவிட்டார். பொங்கலுக்கு ஆறு நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குக் கம்பி கோணலாக வந்தது. மோசஸ் இடுக்கியை நீட்டிய இடத்தில் அது இல்லை. வலது முழங்கைக்குக் கீழே சுற்றிக்கொண்டது.

கம்பெனி காரில் சென்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பின் சீட்டில் பரசுராமன் மடியில் மோசஸ் தலை. முன்னால் நான், விபத்து ரிப்போர்ட் எழுதுகிற கடமைக்காக. மோசஸின் மனைவி ஆரோக்கியமேரி அடுத்த ரயிலில் வந்து சேர்ந்தாள். ஊசி போட்டு அவனை மயக்கத்தில் வைத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பரசுராமன் வராந்தாத் தரையில் குந்தி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"மேரி, தப்பு என்னுதுதான். என் கையாலதான் வுட்டேன். என்ன இன்னா வோணாலும் செய்யி."

மேரி சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

இங்கே அந்தப் பக்கத்து ஜனங்களின் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அவர்களில் யாருக்காவது கெட்டது நடந்துவிட்டால் பக்கத்தில் இருக்கிறவன் முதலில் தப்பைத் தன் மேல் போட்டுக்கொள்வான். ஒருவன் நம் வீட்டு வாசலில் தடுக்கி விழுந்தால், "தப்பு என்னுதுதான், கல்ல இங்க போட்டு வெச்சிக்கிறேன்" என்பார்கள். விழுந்தவன் முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "உன் மேல இன்னா இருக்குது, நான்தான் பாக்காம வந்துட்டேன்" என்பான். முதல் பாதியை இவன் சொன்னால் மறுபாதியை அவன் சொல்லவேண்டும். அதோடு காரியம் முடிந்தது. யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. பெண் பார்க்கப் போய்த் தட்டிப்போனால்கூட இரண்டு வீட்டாரும் இப்படி மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு பஸ் ஏறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் மறுபாதியைச் சொல்ல ஆளில்லை. சொல்ல வேண்டியவன் மயக்கத்தில் கிடந்தான். சொல்லக்கூடியவள் அழுதுகொண்டிருந்தாள். அந்த முதல் பாதி மட்டும் வராந்தாவில் தனியாக நின்றது. அதை எடுத்துக்கொண்டவன் நான்.

அந்த வழக்கம் எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் சோறு தின்கிறவனுக்குத் தெரியாமல் இருக்குமா. ஆனால் பேனாவைத் திறந்ததும் என் புத்தி இங்கிலீஷுக்கு மாறிவிட்டது. நடந்ததையெல்லாம் எழுதி, கடைசியில், பரசுராமன் தன் தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார் என்று நல்ல இங்கிலீஷில் ஒரு வாக்கியம் போட்டேன். ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ரிப்போர்ட் நன்றாக முடிந்தது என்று திருப்திகூடப் பட்டேன்.

பொங்கல் முடிந்து மில் திறந்த அன்றே பரசுராமனை சஸ்பெண்ட் செய்து மெமோ வந்தது. கவனக்குறைவால் சக தொழிலாளிக்குக் காயம் உண்டாக்கினாய், நீயே ஒப்புக்கொண்டுமிருக்கிறாய், எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டால் ஒரு வார சஸ்பென்ஷனோடு வேலையில் சேரலாம், இல்லாவிட்டால் வேலை போகும். வெள்ளிக்கிழமை விசாரணை. மெமோவை வாங்கிக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தான். படித்துச் சொன்னேன்.

"அவ்ளோதானா, எழுதிக் குடு தம்பி, கைநாட்டு இல்ல, கையெழுத்தே போட்றேன்" என்றான். முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. மோசஸ் விழுந்த நாளிலிருந்து யாராவது தன்னைத் திட்டமாட்டார்களா என்று காத்திருந்தவன் மாதிரி இருந்தான். நானும் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அதற்கும் நல்ல இங்கிலீஷ்.

இதற்குள் இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு நின்றுபோயிருந்தது. கம்பெனியில் யாரோ மேரியிடம், பரசுராமனே ஒத்துக்கொண்டானாம், ரிப்போர்ட்டில் இருக்கிறதாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மாற்றுத் துணி எடுக்க ஊருக்கு வந்த மேரிக்கு அஞ்சம்மாள் கேழ்வரகுக் கூழ் கரைத்து எடுத்துப் போனாள். மேரி கதவைத் திறக்கவில்லை. சொம்பு வெகுநேரம் வாசலிலேயே இருந்தது. சொம்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்த அஞ்சம்மாள் கூழை மாட்டுத் தொட்டியில் ஊற்றினாள். பரசுராமன் மட்டும் எதையும் கவனிக்காதவன் போல விடியற்காலையில் எழுந்து போய் மோசஸின் வயலில் நவரைப் பட்டத்து நடவுக்குச் சேறு கலக்கி, தன் நாற்றங்காலிலிருந்தே நாற்றுப் பிடுங்கி நட ஆரம்பித்தான். மோசஸின் நாற்று நடவுக்கு உதவாமல் முற்றிப்போயிருந்தது. தன் வயல் அப்படியே கிடந்தது.

புதன்கிழமை தை அமாவாசை. மோசஸின் கைக்காகத் திருவள்ளூர்க் குளத்தில் வெல்லம் கரைப்பதாக அஞ்சம்மாள் வேண்டிக்கொண்டிருந்தாள். உடம்பில் உள்ள நோவு அந்த வெல்லம் மாதிரிக் கரைந்துபோகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. மோசஸ் வேதக்காரனாயிற்றே என்று கேட்டேன். கைக்கு இன்னா தம்பி ஜாதியும் வேதமும் என்றாள். கடிதத்தை டைப் அடிக்க வேண்டியிருந்ததால் நானும் லீவு போட்டுவிட்டு அவளோடு போனேன். பெரியபாளையத்தில் பஸ் மாறி, கூட்டத்தில் நசுங்கி, பத்து மணிக்குக் குளத்தங்கரை. அவள் முட்டியளவு தண்ணீரில் நின்று வெல்லத்தை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீருக்குள் பிடித்திருந்தாள். கடைசித் துண்டு கரைகிறவரை கையை எடுக்கவில்லை. பின்னால் காத்திருந்த ஜனம் முணுமுணுத்தது. அவள் காதில் வாங்கவில்லை.

அங்கிருந்து கோர்ட்டுத் தெருவுக்குப் போனோம். கோதைநாயகி அங்கே ஒரு டைப் மெஷினை வைத்துக்கொண்டு மனு அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் நானும் ஒரே மெஷினில் மாறி மாறி டைப் படித்தவர்கள். அவள் முதல் வகுப்பில் பாஸ், நான் இரண்டாம் முறை. அவள் புருஷன் சடகோபன் கோயில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். வீட்டுக்காரி தெருவில் உட்கார்ந்து டைப் அடிப்பதா என்று முதலில் சிலர் பேசினார்கள். பிறகு அவர்கள் வீட்டு மனுவும் அவளிடம்தான் வந்தது.

அவள் காகிதத்தை மெஷினில் சொருகி, என் கடிதத்தைப் படித்து, கையை மெஷினிலிருந்து எடுத்துவிட்டாள்.

"கோபால், இவர் என்ன தப்புப் பண்ணினார்?"

ஒரு தப்பும் பண்ணவில்லை, கைடு தேய்ந்திருந்தது, முன்னாடியே சொல்லியும் இருக்கிறார் என்றேன்.

"பின்னே எதுக்கு அப்பாலஜைஸ்னு எழுதியிருக்கே?"

கம்பெனியில் கேட்கிறார்கள், ஒரு மரியாதைக்கு, என்றேன்.

"மரியாதைக்குன்னா ரிக்ரெட்னு எழுதறது. இது மரியாதை இல்லே, வாக்குமூலம். கோர்ட்டு வாசல்ல உக்காந்துண்டு தினம் பாக்கறேன். ஒருத்தர் கையெழுத்துப் போட்டப்புறம் அது மரியாதைக்குச் சொன்னதுன்னு யாரும் ஒத்துக்கமாட்டா."

அஞ்சம்மாள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். அந்த ரெண்டு வார்த்தைக்கும் இன்னாம்மா வித்தியாசம் என்று கேட்டாள். கோதைநாயகி நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எங்காத்துக்காரர் மடைப்பள்ளில இருக்கார். மழை பிடிச்சுண்டு பெருமாள் புறப்பாடு நின்னு போறதுன்னு வெச்சுக்கோங்கோ. எல்லாருக்கும் மனசு கஷ்டப்படும், அழக்கூட அழுவோம். அது ரிக்ரெட். இவரே தூங்கிப்போய் தளிகை பண்ணாமப் பெருமாளைப் பட்டினி போட்டுட்டார்னா, அது அப்பாலஜைஸ். அதுக்கு அழுதா மட்டும் போறாது. நான்தான் பண்ணினேன்னு சொல்லணும்."

அஞ்சம்மாளுக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. "எங்கூட்டு மாடு போய் அடுத்தவன் பயிர மேஞ்சா ஒண்ணு. இடி வுழுந்து அவன் மாடு செத்தா இன்னொண்ணு. அதானே?" என்றாள். அதேதான் என்றாள் கோதைநாயகி. ஆனால் எங்க பக்கம் ரெண்டுக்கும் வாயில ஒரே பேச்சுதான் வரும்மா என்று சொல்லி, அந்த இரண்டு பாதி வழக்கத்தை விவரித்தாள் அஞ்சம்மாள். கோதைநாயகி கேட்டுவிட்டுச் சிரித்தாள். ரொம்ப அழகான வழக்கம் என்றாள். பிறகு சொன்னாள்:

"ஆனா அது உங்க ஊர்லே செல்லும். இந்தப் பேப்பருக்கு மறுபாதி சொல்லத் தெரியாதே."

என் ரிப்போர்ட்டின் கடைசி வாக்கியம் கண்முன் வந்து நின்றது. கோதைநாயகி ஒரு வார்த்தையை மட்டும் மாற்றவில்லை. கடிதத்தையே மாற்றினாள். நடந்ததற்கு ஆழ்ந்து வருந்துகிறேன், மோசஸின் வலி என் வலி, கைடு தேய்ந்திருப்பதை முதல் நாளே தெரிவித்திருந்தேன், அவ்வளவுதான். ஆறு வரி. என் கடிதம் இருபது வரி இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அஞ்சம்மாள் என்னை இரண்டு கேள்வி கேட்டாள். முதல் கேள்வி, இவர் ஆஸ்பத்திரியில் சொன்னது கம்பெனிக்கு எப்படித் தெரிந்தது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தில் காது கேட்காதவன் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. கொஞ்ச தூரம் போய் இரண்டாவது கேள்வி. மோசஸ் நின்ற இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல என்னால் முடிந்தது. சுப்பிரமணி என்றேன். அவள் கூடப்பிறந்த தம்பி. அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று என்னைக் கெஞ்சியிருந்தான். பொங்கல் லீவில் கைடு மாற்றினார்களா என்று கேட்டாள். இல்லை, ஆளுடைய தப்பு என்று ரிப்போர்ட் வந்தபிறகு அதை யாரும் தொடவில்லை என்றேன்.

சாயங்காலம் பரசுராமன் வயலிலிருந்து வந்து கால் கழுவும்போதே புதுக் கடிதத்தைப் படித்துச் சொல்லச் சொன்னாள். அவன் கேட்டான். எழுதியிருப்பதெல்லாம் வாஸ்தவம்தான், ஆனால் மன்னிப்பு என்கிற வார்த்தையைக் காணோமே என்றான். அது இல்லை என்றேன். அவனுக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அவன் கை வெந்து கெடக்குறான். நான் இங்க குந்திக்கினு இந்த வார்த்த வோணும், அந்த வார்த்த வோணாம்னு பேரம் பேசறதா? நாளிக்கு அவன் மூஞ்சில எப்டி முழிப்பேன்? தப்புன்னு சொன்னா இன்னா, நாக்கு அழுவியா பூடும்?"

அவன் கேட்பதிலும் நியாயம் இருந்தது. வருத்தம் என்று மட்டும் சொல்வது அவனுக்குக் கஞ்சத்தனமாகப் பட்டது. சிநேகிதனுக்கு அரை வயிறு சோறு போட்டு அனுப்புவது போல. அஞ்சம்மாள்தான் அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"யோவ், நீ மோசசு கிட்ட ஆயிரம் வாட்டி சொல்லு. கால்ல வுழுந்து சொல்லு. யாரு வோணான்னா? பேப்பர்ல எழுதிக் குடுத்தியானா, அந்த கைடு நல்லாக்கீதுன்னு நீயே சொல்ற மாதிரி. நல்லாக்கீறத எவன் மாத்துவான்? அங்க இப்ப யாரு நிக்கிறான் தெரியுமா? சுப்பிரமணி நிக்கிறான்."

பரசுராமன் என்னைப் பார்த்தான். தலையாட்டினேன். அவன் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். சேறு காய்ந்து வெடித்திருந்தது. பிறகு, எங்க கையெழுத்துப் போடணும் என்று கேட்டான். போட்டுவிட்டு, மோசஸ் இன்னா நெனப்பானோ என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். அவனுக்கு வேலையைவிட அந்தக் கவலைதான் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலையில் மேரி ஊருக்கு வந்திருப்பது தெரிந்து அஞ்சம்மாள் மறுபடி போனாள். இந்தத் தடவை கூழ் எடுத்துப் போகவில்லை. நேராக மோசஸின் வயலுக்கு மேரியைக் கூப்பிட்டுப் போய் நடவைக் காட்டினாளாம். பாதி வயலுக்கு மேல் பச்சை. பக்கத்தில் பரசுராமனின் வயல் வெறும் சேறு. கைடு விஷயத்தையும் சொல்லியிருக்கிறாள். மேரி வரப்பில் நின்று பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

"அப்ப ஏன் அந்தாளு தப்பு என்னுதுன்னு சொன்னாரு?"

"நீ திருப்பிச் சொல்லுவன்னுதான்" என்றாள் அஞ்சம்மாள்.

இதை எனக்கு அஞ்சம்மாளே சொன்னாள். மேரி அன்று பதினொரு மணி ரயிலுக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள் என்றும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் அறையில் விசாரணை. மேனேஜர் கெட்டவர் இல்லை. சென்னைக்காரர். காகிதத்தில் இருப்பதைத்தான் உண்மை என்று நம்புகிறவர். பரசுராமன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். கடிதத்தைப் படித்ததும் மேனேஜர் முகம் சுளித்தது. நான் கேட்டது மன்னிப்பு, இதில் வருத்தம் அல்லவா இருக்கிறது என்றார். அப்படியானால் அவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் கேட்டிருக்கிறார். என் பக்கம் திரும்பி, உன் ரிப்போர்ட்டைப் படி, இந்த ஆளுக்குத் தமிழிலும் சொல் என்றார்.

படித்தேன். கடைசி வாக்கியம் வந்தது. அதையும் படித்து, தமிழில் சொன்னேன். என் பின்னால் பரசுராமன் நின்றிருந்தான். இவ்வளவு நாளும் அவனுக்குத் தெரியாது. அவனைக் காட்டிக்கொடுத்தவன் அவன் வீட்டிலேயே சோறு தின்கிறவன் என்று அந்த நிமிஷம்தான் அவனுக்குத் தெரிந்தது. ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்தேன். மேனேஜரிடம் தமிழிலேயே பேசினேன். அவரிடம் நான் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை.

"சார், இந்த வாக்கியம் தப்பு. அவர் துக்கத்துல சொன்னதை நான் குத்தம்னு எழுதிட்டேன். கைடு தேய்ஞ்சிருக்குன்னு அவர் சொன்னது எனக்குத் தெரியும். அதை எழுதாம விட்டுட்டேன். ரெண்டும் என் தப்பு. மன்னிப்புக் கேட்கிறேன்."

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது. கோதைநாயகி சொன்னது சரி. அழுதால் மட்டும் போதாது.

மேனேஜர், அப்படியானால் இந்த ஆள் ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தைகளைச் சொல்லவே இல்லையா என்று கேட்டார். சொன்னார் என்றேன். சொன்னார், ஆனால் குற்றம் ஒப்புக்கொள்ளவில்லை என்கிறாய், அதெப்படி என்றார். அந்த ஜனங்களின் வழக்கத்தை எடுத்துச் சொல்ல நான் வாயெடுத்தபோது வாசலில் கேட் காவல்காரர் யாரையோ தடுக்கிற சத்தம் கேட்டது. மேரியின் குரல். பின்னாலேயே மோசஸ் வந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அன்று காலைதான் விட்டிருந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து நேராக வந்திருக்கிறான். இளைத்து, தாடி வளர்ந்து, வலது கை முழுக்கக் கட்டோடு கழுத்தில் தொங்கியது. கட்டுக்கு வெளியே விரல்நுனிகள் மட்டும் தெரிந்தன. அவன் மேனேஜருக்கு வணக்கம் வைக்கவில்லை. வைக்கிற கை அது. பரசுராமனுக்கு எதிரில் போய் நின்றான். பரசுராமன் தலையை நிமிர்த்தவில்லை.

"பரசு. அன்னிக்கு ஆஸ்பத்திரில நீ இன்னாமோ சொன்னியாமே. எனக்கு நெனவு இல்ல. மேரி இப்பதான் சொல்லிச்சி."

பரசுராமன் மறுபடியும் அதையே சொன்னான். அவ்வளவு பேர் எதிரில், மேனேஜர் எதிரில், வேலை போனாலும் போகட்டும் என்று சொன்னான்.

"தப்பு என்னுதுதான்டா."

"சீ போடா" என்றான் மோசஸ். இடது கையால் அவன் தோளைப் பிடித்தான். "உன் மேல இன்னா இருக்குது."

மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பரசுராமன் குழந்தை மாதிரி அழுதான். பதினேழு நாளாக அவன் அழாமல் வைத்திருந்தது அதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றியது. மோசஸ் அவன் தோளிலிருந்து கையை எடுக்காமலே மேனேஜரிடம் திரும்பி, கைடை மாற்றச் சொன்னான். மாற்றாமல் சுப்பிரமணியை அங்கே நிறுத்தாதீர்கள் என்றான். என் கை எப்படி ஆனது என்று யாராவது கேட்டால் நானே எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றான். அந்தக் கடைசி வார்த்தையைச் சத்தம் போடாமல்தான் சொன்னான்.

மேனேஜர், இந்த இரண்டு பேர் பேசியதையும் எழுது என்று என்னிடம் சொன்னார். பேனாவைத் திறந்தேன். இங்கிலீஷ் வரிசையாக வந்து நின்றது. ஒன்றையும் தொடவில்லை. அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே தமிழில் எழுதி, இரண்டு பாதியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். மேனேஜர் வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பரசுராமனின் ஆறு வரிக் கடிதத்தோடு சேர்த்து அதை ஃபைலில் வைக்கச் சொன்னார். ஃபிட்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

அன்று மத்தியானமே உருளையை நிறுத்திவிட்டுக் கைடை மாற்றினார்கள். கழற்றிப் போட்டதைப் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் கத்தி மாதிரித் தேய்ந்திருந்தது. பரசுராமனைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். மோசஸுக்குக் கை ஆறியதும் இடுக்கி பிடிக்காத வேறு வேலை தருவதாகப் பேச்சு. எனக்கு ஒரு மெமோ. தவறான ரிப்போர்ட் கொடுத்ததற்கு எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்கும்படி. அதில் மாற்றுவதற்கு ஒரு வார்த்தையும் இருக்கவில்லை.

அன்று மத்தியானம் நான் சாப்பிடப் போகவில்லை. அறையிலேயே கிடந்தேன். எந்த முகத்தோடு போவது. இரண்டு மணிக்குச் சுப்பிரமணி வந்து, அக்கா கூப்பிடுது என்றான். போனேன். மோசஸும் மேரியும் அங்கே இருந்தார்கள். மொச்சைக் கருவாட்டுக் குழம்பு வாசலுக்கே மணத்தது. மேரி சோற்றைப் பிசைந்து மோசஸுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். நானே தின்னுக்குவேன் என்று அவன் இடது கையை நீட்டுவதும், அவள் தட்டிவிடுவதுமாக இருந்தது. பாக்கியிருந்த நடவை நாளைக்கு எல்லாரும் சேர்ந்து முடிப்பது, ஞாயிற்றுக்கிழமை பரசுராமன் வயலில் இறங்குவது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றது.

நான் உட்காரவில்லை. நின்றபடியே பரசுராமனிடம் சொன்னேன்.

"அண்ணே, தப்பு என்னுதுதான்."

பரசுராமன் பழக்கப்பட்ட மனுஷன். அவனுக்கு அந்தப் பதில் தானாக வாயில் வந்துவிடும். "வுடு தம்பி, உன் மேல இன்னா..." என்று ஆரம்பித்தும் விட்டான்.

அஞ்சம்மாள் கரண்டியோடு திரும்பினாள்.

"நீ சும்மா இருய்யா. இவரு மேல இருக்குது." என் முகத்தை நேராகப் பார்த்தாள். பஸ்ஸில் கேட்ட முதல் கேள்விக்குப் பதில் அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. "இருக்குது, மன்னிச்சாச்சி. குந்து தம்பி, சோறு ஆறுது."

உட்கார்ந்தேன். என் தட்டில் அவள் வழக்கமாக வைக்கிற அளவுக்கு மொச்சை வைத்தாள்.